மவுஸ் மாட்டிய பிறகும் டச்பேடுக்கு என்ன வேலை?

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பழைய கதைகள்தான் எழுதுவேன். தீப்பெட்டி ஆபீஸ் காலம், கிணற்று நீச்சல், டைப்ரைட்டிங் பரீட்சை என்று ஓடும். இன்று ஒரு சண்டை. மடிக்கணினியில் விசைப்பலகைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் இருக்கிறதே, டச்பேட், சண்டை அதைப் பற்றி. அது எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களோடுதான் என் வழக்கு.

என் கட்சி இதுதான். மடிக்கணினியில் தனியாக ஒரு மவுஸை மாட்டினால், டச்பேட் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்க வேண்டாம், இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு அப்படிச் சொல்ல ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அந்தப் பொத்தான் செட்டிங்ஸ் பக்கத்தில் கண்ணில் படுகிற இடத்தில், தமிழில் இருக்க வேண்டும். இலவச மென்பொருள், மக்கள் மென்பொருள் என்று பெருமையாகப் பேசப்படும் லினக்ஸில், பலரும் பார்க்கிற முகப்பிலேயே இது கிடையாது. இதை ஒரு சின்ன விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள். சின்ன விஷயம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். வலது பக்கம் மவுஸ் இருக்கிறது. டச்பேட் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை அதன் ஓரத்தில் லேசாகப் படுகிறது. டச்பேட் அதை ஒரு தட்டு என்று எடுத்துக்கொண்டு, அம்புக்குறி அந்த நேரத்தில் எங்கே நின்றதோ அங்கே ஒரு கிளிக் வைத்துவிடுகிறது. எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நீங்கள் தூக்கி எறியப்பட்டு, நான்கு வரி மேலே ஒரு சொல்லின் நடுவில் போய் விழுகிறீர்கள். கண் விசைப்பலகையில் இருப்பதால் உடனே தெரியாது. நிமிர்ந்து பார்க்கும்போது அரை வரி வேறெங்கோ போய் நுழைந்திருக்கும்.

ஆங்கிலத்தில் அடிப்பவனுக்கு இது எரிச்சல். தமிழில் அடிப்பவனுக்கு அதைவிட மோசம். காரணம் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில், மெய்யும் உயிரும் அடுத்தடுத்து அடித்தால்தான் உயிர்மெய் உருவாகும். 'க' அடித்து 'ஆ' அடித்தால் 'கா'. அந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் இடம் மாறிவிட்டால் 'க' ஒரு வரியில் தனியாக நிற்கும், 'ஆ' இன்னொரு வரியில் அநாதையாக நிற்கும். இரண்டு சொல்லும் கெட்டுப்போகும். பிழைதிருத்தும் கண்ணுக்குக்கூட முதல் பார்வையில் காரணம் புரியாது. யாரோ படிக்காதவர் அடித்தது போல இருக்கும்.

எங்கள் தெருவில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மாவின் மகள் இருக்கிறாள். பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதில் லினக்ஸ்தான் ஓடுகிறது. அம்மாவுக்காக ஒரு பட்டா மாறுதல் மனு அடித்தாள். புல எண் 214/3 என்று அடிக்கும்போது கோடும் 3-ம் மட்டும் மேல் வரிக்குத் தாவிவிட்டன. பெண் கோட்டைப் பார்த்து அழித்தாள். 3 மட்டும் அலைபேசி எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டே நின்றது. புல எண் 214 என்றும் அலைபேசி எண் 11 இலக்கம் என்றும் மனு போயிற்று, திரும்பியும் வந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. எம். புதுப்பட்டியில் ஒரு நாள் கூலி என்றால் என்ன என்று இங்கே படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் முதலில் வருகிற பதில், "கையைச் சரியாக வைக்கத் தெரியவில்லை" என்பது. வயதானவர்கள் சொன்னால் "கை நடுங்குகிறது" என்பார்கள். பெண் பிள்ளைகள் சொன்னால் "பழக்கம் போதாது" என்பார்கள். நான் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே தேய்ந்து ஓய்வு பெற்றவன். கையைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மணிக்கட்டைத் தொங்கவிட்டால் ஸ்கேலால் அடி விழும். உண்மைதான். ஆனால் ரெமிங்டன் இயந்திரத்தில் விசைகளுக்கு முன்னால் மேசை விளிம்புதான் இருந்தது. அங்கே கை பட்டால் ஒன்றும் ஆகாது. அதைத்தான் இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மடிக்கணினியில் கை வைக்கிற மேடையை யார் கட்டினார்கள்? நாம் கட்டவில்லை. 1991-ல் வந்த ஆப்பிள் பவர்புக் கணினிகளில்தான் விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் உள்ளங்கை வைக்க இடம் விட்டு, நடுவில் ஓர் உருளும் பந்தை வைத்தார்கள். 1994-ல் வந்த பவர்புக் 500 வரிசையில் அந்தப் பந்து போய் டச்பேட் வந்தது. மற்ற கம்பெனிகளும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டன. அதாவது, "இங்கே கையை வை" என்று மேடை கட்டிக் கொடுத்தார்கள். அதே மேடையின் நடுவில், கை பட்டால் வேலை செய்கிற கருவியையும் பதித்தார்கள். திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, திண்ணையிலேயே காலிங் பெல்லைப் பொருத்தியது போல. பெல் அடித்தால் உட்கார்ந்தவன் மேல் குற்றமா?

டச்பேட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பழி இன்னும் தெளிவாக இடம் மாறும். அதன் தோலுக்குக் கீழே மெல்லிய மின்கம்பி வலை இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் அருகே வந்தாலே அந்த வலையில் மின்தேக்க அளவு சற்று மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் விரல் எங்கே இருக்கிறது என்று அது கணக்குப் போடுகிறது. நீங்கள் வேண்டுமென்று தொட்டீர்களா, தெரியாமல் பட்டதா என்பது அதற்குத் தெரியாது. வியர்வை ஈரமும் அதற்கு ஒரு தொடுகை மாதிரிதான். சித்திரை வெயிலில் சிவகாசி வட்டாரத்தில் வியர்க்காத கை எது? இன்னொன்று, நம் வீடுகளில் பாதிக்கு மேல் எர்த் சரியாக இருப்பதில்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் ஓட்டையில் அடாப்டர் வைத்துச் சொருகுகிறோம். எர்த் இல்லாத சார்ஜரில் போட்டிருக்கும்போது டச்பேடில் மின் இரைச்சல் ஏறி, அம்புக்குறி தானாகத் துள்ளுவது உண்டு. சார்ஜரைப் பிடுங்கினால் அடங்கிவிடும். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு வெடி விபத்து நடந்தால், மறுநாள் தாளில் 'உராய்வு' என்ற சொல் வந்துவிடும். அடுத்த வரியில் தொழிலாளியின் கவனக்குறைவு. அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது என்ற கேள்விகள் பிறகுதான் வரும். உயிர் போகிற விஷயத்தையும் கணினித் தொல்லையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் பழி போடுகிற பழக்கம் ஒன்றுதான். ஏற்பாட்டைக் கேள்வி கேட்பதற்கு முன் கையைக் கேள்வி கேட்பது. அந்தப் பழக்கத்தை நாம் சின்ன விஷயத்தில் ஏற்றுக்கொண்டால் பெரிய விஷயத்திலும் ஏற்றுக்கொள்வோம்.

சரி, மவுஸ் மாட்டினால் தீரவேண்டியதுதானே? தீராது. லினக்ஸிலும் அதன் உறவுக்கார இயங்குதளங்களிலும் பல காலமாக இருக்கிற ஏற்பாடு அப்படி. எக்ஸ் விண்டோ என்ற அடித்தளத்தில், சுட்டுகிற கருவிகள் எத்தனை இருந்தாலும் திரையில் இருப்பது ஒரே அம்புக்குறி. எல்லாக் கருவிகளும் ஒரே முதலாளிக்கு வேலை செய்கிற கணக்கு. ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வாரிசிலும், கருவிகளிலிருந்து வருகிற சேதியை எல்லாம் ஒரே வாசல் வழியாகத் திரைக்கு அனுப்புகிற பழைய ஏற்பாடு உண்டு. கருவிக்கு ஓர் அம்புக்குறி என்று தனித்தனியாகக் கொடுக்கும் வசதியையும் 2009-ல் எக்ஸில் சேர்த்தார்கள். ஆனால் அதை நாமாகப் போய் அமைத்தால்தான் உண்டு. சாதாரணமாக நம் மேசையில் நடப்பது இதுதான்: வலது கை மவுஸைப் பிடித்து அம்புக்குறியை இழுக்கிறது, இடது கையின் அடிச்சதை டச்பேடில் பட்டு அதே அம்புக்குறியை வேறு பக்கம் இழுக்கிறது. இரண்டு பேரின் பேச்சையும் கணினி மரியாதையாகக் கேட்கிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இப்போது என் கோபத்தின் மையத்துக்கு வருகிறேன். இதைச் சரிசெய்யத் தெரியவில்லை என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். சரிசெய்து வைத்துவிட்டார்கள். செய்து வைத்ததை நமக்குப் பரிமாறவில்லை.

லினக்ஸில் இன்று டச்பேட், மவுஸ், விசைப்பலகை ஆகியவற்றிலிருந்து வருவதை எல்லாம் வாங்கிப் பிரித்துக் கொடுப்பது லிப்இன்புட் என்ற மென்பொருள். பீட்டர் ஹட்டரர் என்பவர் முன்னின்று எழுதியது. அதன் முதல் முழுப் பதிப்பு 2015-ல் வந்தது. நல்ல வேலை. உள்ளங்கையை அடையாளம் கண்டு ஒதுக்க முயல்கிறது. நாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது டச்பேடைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறது. முக்கியமானது, டச்பேடுக்கு அதில் மூன்று நிலைகள் உண்டு: ஒன்று, இயங்கு. இரண்டு, இயங்காதே. மூன்று, வெளியிலிருந்து மவுஸ் மாட்டியிருக்கும்போது மட்டும் இயங்காதே. நான் கேட்கிறது அந்த மூன்றாவதுதான். அது ஏற்கெனவே இருக்கிறது.

அதற்கு மேலே நாம் கண்ணால் பார்க்கிற முகப்பு ஒன்று இருக்கிறது. உபுண்டு 2017 அக்டோபரிலிருந்து க்னோம் என்ற முகப்பைத்தான் கொடுத்துவருகிறது. க்னோமின் உள்ளேயும் இந்த மூன்று நிலைகளும் பதிந்திருக்கின்றன. ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் நான் பார்ப்பது டச்பேட் வேண்டுமா, வேண்டாமா என்ற இரண்டே நிலைப் பொத்தான். மூன்றாவதைக் காணோம். அடுப்படியில் சமையல் ஆகிவிட்டது, இலையில் போட மனசில்லை.

இரண்டே நிலை போதாதா என்று கேட்கலாம். போதாது. முழுசாக அணைத்துவிட்டால், ஒரு நாள் மவுஸை வீட்டில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை என்ன செய்யும்? அங்கே போய்த் திறந்தால் அம்புக்குறி அசையாது. அணைத்ததைத் திரும்பப் போடவும் அம்புக்குறி வேண்டும். விசைப்பலகையை மட்டும் வைத்து வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் தப்பிப்பார்கள், மற்றவர்கள் முழிப்பார்கள். அதனால் பயந்து யாரும் அணைப்பதில்லை. அணைக்காததால் தொல்லை தொடர்கிறது.

தட்டினால் கிளிக் ஆகிற வசதியையும் பாருங்கள். எழுதும் இடம் தாவுவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். லிப்இன்புட் எழுதியவர்கள், தனிப் பொத்தான் இருக்கிற டச்பேடுகளில் அதைத் தொடக்கத்தில் அணைத்தே வைத்தார்கள். அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாதவர்களுக்கு, கை பட்டு வரும் தவறான கிளிக்குகள் கணினியே பழுதானது போலத் தோன்றும். தெரிந்தவர்களுக்கு அதை எங்கே போட வேண்டும் என்றும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். எவ்வளவு நியாயமான பேச்சு! ஆனால் 2024 மார்ச்சில் வந்த க்னோம் 46-ல், அதைத் தொடக்கத்திலேயே இயங்குகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அதே பதிப்பில் டச்பேடுக்கு வேறு சில புதிய பொத்தான்களுக்கும் செட்டிங்ஸில் இடம் கிடைத்தது. மவுஸ் மாட்டினால் ஒதுங்கு என்பதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. தட்டு கிளிக்கைத் திறந்து விடுகிறவர்கள், அதற்கு ஒரு பூட்டையும் பக்கத்தில் மாட்ட வேண்டாமா?

காசு வாங்கி விற்கிறவர்களைப் பாருங்கள். விண்டோஸில் டச்பேட் பக்கத்தில், மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேடை இயங்கவிடலாமா என்று கேட்கிற ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. ஆப்பிள் மேக்கிலும், மவுஸ் இருக்கும்போது உள்ளே இருக்கும் பலகையைக் கண்டுகொள்ளாதே என்ற கட்டம், உடல் சிரமம் உள்ளவர்களுக்கான பிரிவில் இருக்கிறது. அவர்களும் அதைத் தானாகச் செய்வதில்லை, ஆனால் கேட்டால் ஒரு டிக்கில் செய்கிறார்கள். கம்பெனிக்காரன் கொடுத்த மரியாதையை மக்கள் மென்பொருள் கொடுக்கவில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். நான் லினக்ஸை வெறுக்கிறவன் இல்லை. அதில்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் மருமகன் முறைப் பையன் சொன்னான்: "மாமா, டெர்மினல்ல ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை." அவனுக்கு இரண்டு நிமிஷம். அந்த ஒரு வரி முழுக்க ஆங்கிலம், நடுநடுவே புள்ளியும் சிறுகோடும், ஓர் எழுத்து மாறினாலும் நடக்காது. அதை எங்கள் தெருப் பெண்ணுக்கு அலைபேசியில் சொல்லிப் புரியவைக்க முடியுமா? இருக்கிற வசதியைக் கட்டளை தெரிந்தவனுக்கு மட்டும் கொடுப்பது, ரேஷன் கடையில் சரக்கை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டால்தான் தருவேன் என்பது போல.

இன்னொருவர் சொல்வது சற்று வலுவான வாதம். கம்பியில்லா மவுஸின் ரிசீவரை மடிக்கணினியிலேயே சொருகி விட்டுவிடுவார்கள். மவுஸை அணைத்திருந்தாலும், பையில் இருந்தாலும், கணினிக்கு மவுஸ் இருப்பதாகவே தெரியும். டச்பேட் ஒதுங்கிவிட்டால் ஆள் மாட்டிக்கொள்வார். உண்மைதான். நடுவில் சிவப்புக் குமிழ் வைத்த மடிக்கணினிகளிலும் குழப்பம் வரலாம். வேறு சிலர் மவுஸால் சுட்டிவிட்டு, பக்கத்தை நகர்த்த மட்டும் இரண்டு விரலால் டச்பேடைத் தடவுவார்கள். அவர்களுக்கும் சங்கடம். இதையெல்லாம் ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆளுக்கு ஆள் தேவை மாறும் என்று தெரிகிறது. தேவை மாறும் என்றால் பொத்தான் வெளியே இருக்க வேண்டும். ஒளித்து வைக்க இது காரணமாகாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஹெட்போனைப் பாருங்கள். ஹெட்போன் முள்ளைச் சொருகினால் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடுகிறது. இரண்டிலும் சத்தம் வரட்டும் என்று யாரும் விட்டுவைப்பதில்லை. உபுண்டுவில் சில கணினிகளில் சொருகியவுடன், மாட்டியது ஹெட்போனா, மைக் சேர்ந்ததா என்று ஒரு சின்னக் கேள்வியும் வரும். காதுக்குக் காட்டுகிற அந்த அக்கறையைக் கைக்கும் காட்டுங்கள். முதல் தடவை மவுஸ் மாட்டும்போது ஒரே ஒரு கேள்வி: "மவுஸ் இருக்கும்போது டச்பேட் ஓய்வெடுக்கட்டுமா?" ஆம், வேண்டாம். பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டுமானால் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி. ரிசீவர்காரரும் பிழைப்பார், நாங்களும் பிழைப்போம்.

மூன்றாவது கட்சி, சிவகாசிக் கடைப் பையன் கட்சி. "சார், லினக்ஸ்னா அப்படித்தான் இருக்கும். பேசாம விண்டோஸ் போட்டுருவோம்" என்பான். எனக்குப் பயமே இந்தக் கட்சியைப் பார்த்துத்தான். அது ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த கணினிகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகவே வந்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசு அலுவலகங்களையும் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய வாய்ப்பு! தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தமிழ் பேசும் லினக்ஸ் நுழைந்திருக்க வேண்டிய காலம்.

எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது? பிள்ளைகள் அந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்தார்கள். அம்புக்குறி துள்ளுகிறது, எழுதினால் தாவுகிறது, ஏன் என்று சொல்ல ஆளில்லை. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைப் பையன் அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸை ஏற்றிக் கொடுத்தான். டச்பேட் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிண்டர் பேசாதது, பாடம் நடத்துகிறவருக்கே பழக்கமில்லாதது என்று பல உண்டு. ஆனால் ஒருவர் ஓர் இயங்குதளத்தைப் பற்றி முதல் ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டுகிறார். அந்த ஐந்து நிமிடமும் கை டச்பேடின் மேல்தான் இருக்கிறது. கொள்கை, தத்துவம், மென்பொருள் சுதந்திரம் எல்லாம் ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு வருகிற சமாச்சாரம்.

இப்போது மறுபடியும் ஒரு வாய்ப்பு. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அரசு அறிவித்தது. அதில் லினக்ஸும் சேர்ந்து வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது. இந்தத் தடவையாவது இலையில் போடுவார்களா?

இதற்குப் பெரிய செலவு கிடையாது. லினக்ஸின் பெருமையே, அதைத் திறந்து நமக்கு வேண்டியபடி மாற்றிக் கொடுக்கலாம் என்பதுதான். கேரளாவில் பள்ளிகளுக்கு உபுண்டுவை எடுத்து, தங்கள் பாடங்களுக்கு ஏற்ற மென்பொருள்களைச் சேர்த்து, மலையாளத்தோடு தங்கள் பதிப்பாகவே கொடுக்கிறார்கள். பக்கத்து மாநிலம் செய்வது நமக்கு ஏன் முடியாது? எல்காட் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஏற்றுவது ஒரே ஒரு மூலப் பிரதி. அந்தப் பிரதியில் தொடக்க அமைப்பை ஓர் இடத்தில் மாற்றினால் போதும். மூன்றாவது நிலை இயங்கும், தட்டு கிளிக் அணைந்திருக்கும், செட்டிங்ஸில் தமிழில் ஒரு பொத்தான் இருக்கும். என் மருமகன் சொன்ன அந்த இரண்டு நிமிஷத்தை அரசாங்கம் ஒரு தடவை செலவழித்தால், லட்சம் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் தேடி அலைய வேண்டாம். சி-டாக்கில் இருப்பவர்கள் சென்னையில் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஒரு நாள் மதிய வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், எர்த் இல்லாத பிளக்கில் மடிக்கணினியைப் போட்டு, மவுஸையும் மாட்டி, தமிழ்99-ல் ஒரு முழுப்பக்க மனு அடித்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

அதுவரை கைப்பழக்கமாகச் சில வழிகள் சொல்கிறேன். செட்டிங்ஸில் மவுஸ், டச்பேட் பக்கத்துக்குப் போய், தட்டினால் கிளிக் ஆகும் வசதியை அணையுங்கள். கை பட்டு அம்புக்குறி நகர்ந்தாலும், கிளிக் விழாவிட்டால் எழுதும் இடம் பெரும்பாலும் தாவாது. விசைப்பலகையின் மேல் வரிசையில் பல மடிக்கணினிகளில் டச்பேட் படம் போட்ட விசை இருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். அது வேலை செய்கிறதா என்று நிதானமான நேரத்தில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த பிள்ளை யாராவது வீட்டுக்கு வந்தால், "வெளி மவுஸ் இருக்கும்போது டச்பேட் அணைந்திருக்கணும்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லிச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் முடியாவிட்டால், தபால் கார்டு கனத்தில் ஓர் அட்டையை வெட்டி டச்பேட் மேல் போட்டுக்கொண்டு அடியுங்கள். நானும் சில நாள் அப்படித்தான் அடித்தேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் அட்டை தீர்வு இல்லை. உலகத்தின் பெரிய மூளைகள் சேர்ந்து கட்டிய ஒரு மென்பொருளை, சிவகாசி அச்சகத்தில் மிஞ்சிய காலண்டர் அட்டையை வைத்து வாயடைக்க வேண்டியிருக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது அட்டை வெட்டுகிறவர் இல்லை. எங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. பொத்தானை வெளியே எடுத்து வையுங்கள்.